இடது மேல் பல்

1975ஆம் ஆண்டு ஜூன் மாதக் குளிரில் கேதீஸ்வரனின் இடது மேல்வாயில் கடைசிப் பல் வலிக்கத் தொடங்கியது. அப்போது அவருக்கு நாற்பத்து நாலு வயது. மெல்பேர்னில் கிளேட்டன் ரெயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் மனைவி சிவனேஸ்வரியுடனும் மகள் வைதேகியுடனும் இருந்தார். நகரத்துக்குள் குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் கீறும் அலுவலகம் ஒன்றில் வேலை. கொழும்பிலும் பதினெட்டு வருடம் இதே வேலைதான். அதிகம் பேசாத மனிதர். இந்த நாட்டுக்கு வந்து இரண்டரை வருடத்தில் தன்னைப் பற்றி வீட்டில் பெருமையாகச் சொன்னது ஒன்றே ஒன்று: மேற்பார்வையாளர் டொனலி அவருடைய கோடுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இது கையால் போட்டதா என்று கேட்டாராம்.

முதல் கிழமை கராம்பைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். இரண்டாம் கிழமை உப்புத் தண்ணீர். மூன்றாம் கிழமை கன்னம் வீங்கி, காதுவரை இழுத்தது. கிளேட்டன் வீதியிலிருந்த பல் வைத்தியர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். ஞானப்பல். சரிந்து முளைத்திருக்கிறது, உள்ளே சொத்தை, பக்கத்துப் பல்லையும் அரிக்கத் தொடங்கிவிட்டது. கீழே இருக்கிற இரண்டும் தொந்தரவு செய்யாதவரை கிடக்கட்டும், இதைக் கழட்டுவதுதான் நல்லது என்றார்.

கேதீஸ்வரன் வீட்டுக்கு வந்து குளிர்ச்சட்டையைக் கழட்டாமலே குசினி வாசலில் நின்றார்.

“கழட்டச் சொல்லுறான்.”

“கழட்டுங்கோவன். உதுக்கேன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்கிறியள்?”

“கீழ்ப்பல்லெண்டால் இண்டைக்கே கழட்டிப்போட்டு வந்திருப்பன். இது மேல்பல்லு.”

சிவனேஸ்வரிக்கு விளங்கிவிட்டது. மேல்வாய்ப் பல்லின் நரம்பு கண்ணுக்குப் போகிறது, அதைப் பிடுங்கினால் பார்வை போய்விடும் என்ற கதையை அவளும் ஊரில் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் கேதீஸ்வரனின் குடும்பத்தில் அது வெறும் கதை அல்ல. கோப்பாயில் பள்ளிக்கூடக் கிளாக்கராக இருந்த அவருடைய தகப்பன், ஐம்பத்திரண்டு வயதில் யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போய் ஒரே நாளில் நாலு மேல்பல்லைக் கழட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வருடத்தில் கிணற்றடிக்குப் போவதற்கே ஆள் பிடிக்கவேண்டியதாயிற்று.

“ஐயாவுக்கு நாலு பல்லு. ரெண்டு கண்ணும் போச்சு,” என்றார் கேதீஸ்வரன்.

“அப்ப ஒரு பல்லுக்கு அரைக் கண்தானே போகும்? நீங்கள் முனகுற முனகலுக்கு அது பறவாயில்லை.”

“விளையாடாதையும்.”

“விளையாடேல்லை. எங்கடை பெரிலைப் பாருங்கோ.”

சிவனேஸ்வரி ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைக்கிறவள். பெரில் அவளோடு ஒரே மேசையில் வேலை செய்யும் வெள்ளைக்காரி. பெரிலுக்கு இருபது வயதில் கலியாணம். பின்னால் புருஷனுக்குப் பல் வைத்தியச் செலவு வைக்கக்கூடாது என்று, தகப்பன் கலியாணப் பரிசாக அவளுடைய வாயிலிருந்த எல்லாப் பல்லையும் கழட்டுவித்துக் கட்டுப்பல் செய்து கொடுத்தாராம். அந்தக் காலத்தில் அவர்களிடையே அது வழக்கமாம். இதைப் பெரில் சொல்லி முடித்தபோது சிவனேஸ்வரி இரண்டு தரம் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்தியிருக்கிறாள்.

“மேல்வாயிலை மருந்துக்கும் ஒரு பல்லில்லை. அம்பத்தாறு வயசு. கண்ணாடி போடாமல் ஊசிக்கு நூல் கோக்கிறா.”

“அவையின்ரை நரம்பு வேறை.”

“வெள்ளைக்காரருக்கு நரம்பு வேறை றோட்டாலையோ போகுது?”

“நீர் பேசாமல் இரும். உமக்குப் பல்லும் நோகேல்லை. எனக்குச் சோறு வாறது கண்ணாலை.”

அதற்குப் பிறகு சாக்குகள் வரிசையாக வந்தன. வீக்கத்துக்குக் குளிசை தந்திருக்கிறான், முடியட்டும். ஆடி பிறந்துவிட்டது, போகட்டும். அலுவலகத்தில் பெரிய வரைபடம் ஒன்று நடக்கிறது, அதைக் கொடுக்கட்டும். வலது பக்கத்தால் மட்டும் கஞ்சியும் பாணும் சாப்பிட்டார். எடை குறைந்து சட்டைக் கழுத்து தொளதொளத்தது. வைதேகி கதவைச் சாத்தினால் ஏசினார், வானொலி போட்டால் ஏசினார். “டாட், ஜஸ்ட் கெட் இட் அவுட்!” என்று அவள் ஒருநாள் கத்திவிட்டு அறைக்குள் போனாள். பதினாலு வயதுப் பிள்ளை தகப்பனைப் பார்த்துக் கத்துகிற அளவுக்கு வீடு வந்துவிட்டதென்று சிவனேஸ்வரி அன்றைக்கே தொலைபேசியை எடுத்து நாள் குறித்தாள். செவ்வாய் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். ஓகஸ்ட் இருபது, புதன்கிழமை கிடைத்தது.

அரைநாள் லீவு போட்டு அவளும் கூடப் போனாள். வழியில் இறைச்சிக் கடைக்கு எதிரே கேதீஸ்வரன் நின்றார். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு கடைப் பலகையின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நடந்தார். வைத்தியரிடம் கேட்க அவருக்கு வெட்கம். சிவனேஸ்வரிதான் தன் அரைகுறை ஆங்கிலத்தில், இந்தப் பல்லுக்கும் கண்ணுக்கும் ஏதாவது உண்டோ என்று கேட்டாள். அப்படி இருந்தால் மெல்பேர்னில் பாதிப் பேர் தடி பிடித்துக்கொண்டுதான் திரியவேண்டும் என்று சொல்லி அந்த மனிதர் சிரித்தார். அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டியளோ என்பது போல.

இருபது நிமிடத்தில் பல் வந்துவிட்டது. மூன்று நாள் கஞ்சி. பத்தாம் நாள் ஆட்டெலும்பைக் கடித்து உறிஞ்சினார். செப்டெம்பர் முழுவதும் வீட்டில் நல்ல காலம். சிவனேஸ்வரிக்கு வெற்றி. அவர் வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது முன்னால் போய் நின்று, “நான் ஆர், சொல்லுங்கோ பாப்பம்?” என்பாள்.

“ஆரோ ஒரு விசரி.”

“அப்ப கண் தெரியுது.”

ஒக்டோபர் தொடக்கத்தில் ஒருநாள், படப்பலகைக்கு முன்னால் இருந்தபோது அவருடைய வலது கண்ணில் தூசி விழுந்தது. கண்ணை மூடிக் கசக்கிக்கொண்டே தாளைப் பார்த்தார். தாளின் இடது மேல் மூலை இல்லை. கறுப்பாகவோ மங்கலாகவோ தெரியவில்லை; தெரியவே இல்லை. வலது கண்ணைத் திறந்தார், மூலை வந்தது. மூடினார், போனது. அன்றைக்கு மாலை ரெயிலால் இறங்கி இறைச்சிக் கடைக்கு எதிரே போய் நின்று மறுபடியும் கையால் பொத்திப் பார்த்தார். பலகையின் நடுவில் பார்வையை நிறுத்தியபோது முதல் மூன்று எழுத்துகள் இல்லை.

பல் கழட்டி ஆறு கிழமை. இடது பக்கத்துப் பல், இடது கண். யாரிடமும் கேட்பதற்கு அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. வீட்டுக்குப் போனார். சிவனேஸ்வரி முன்னால் வந்து நின்று, “நான் ஆர்?” என்றாள். “விசரி,” என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

அதன் பிறகு ஏழு மாதம் ஒருவரிடமும் சொல்லவில்லை. அலுவலகத்தில் யன்னல் வெளிச்சம் வலப்பக்கம் விழும்படி பலகையைத் திருப்பிப் போட்டார். தலையை இடப்பக்கம் சரித்து வேலை செய்யப் பழகினார். கழுத்து பிடித்திருக்கிறது என்று நினைத்துச் சிவனேஸ்வரி எண்ணெய் தேய்த்துவிட்டாள். தேத்தண்ணி கோப்பைக்கு வெளியே ஊற்றுப்பட்டபோது, “எங்கை பராக்குப் பாத்துக்கொண்டு ஊத்திறியள்?” என்று ஏசினாள். கதவு நிலையில் இடித்துத் தோள் கன்றிப்போனபோது, ஊரில் அகலக் கதவில் நடந்து பழகிய மனிதருக்கு இந்த நாட்டுக் கதவு காணாது என்று பகிடி பண்ணினாள்.

1976 மே மாதம், ஒரு சனிக்கிழமை பகல். மீன் வாங்க ஸ்பிரிங்வேலுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனார். சிவனேஸ்வரி இடப்பக்க ஆசனத்தில் இருந்தாள். ஒரு சந்தியில் இடப்பக்கம் திருப்பினார். அவள் வீரிட்டுக் கத்தினாள். பிரேக் பிடித்தார். சைக்கிளில் வந்த வயதுபோன இத்தாலியர் ஒருவர் வீதியோரப் புல்லில் விழுந்து கிடந்தார். பையிலிருந்த வெங்காயமெல்லாம் வீதியில் உருண்டது. முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். அந்த மனிதர் எழும்பி நின்று தன் மொழியில் வாய்க்கு வந்தபடி ஏசினார். இருவரும் குனிந்து வெங்காயம் பொறுக்கிக் கொடுத்தார்கள்.

காருக்குள் ஏறியதும் சிவனேஸ்வரி கேட்டாள்.

“நீங்கள் அவரைக் காணேல்லையோ?”

“காணேல்லை.”

“பட்டப்பகல். சிவப்புத் தொப்பி போட்டிருக்கிறார். எப்பிடிக் காணாமல் விட்டியள்?”

அவர் காரைத் திருப்பி மெல்ல மெல்ல வீட்டுக்கு ஓட்டினார். அதுதான் அவர் கடைசியாகக் கார் ஓட்டியது.

கண் வைத்தியர் அவருடைய கண்ணின் அழுத்தத்தை அளந்தார். கறுப்புத் திரைக்கு முன்னால் இருத்தி, வலது கண்ணை மறைத்து, வெள்ளைப் புள்ளி தெரியும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். பக்கத்தில் இருந்த சிவனேஸ்வரிக்குப் புள்ளி நன்றாகத் தெரிந்தது. கேதீஸ்வரன் வாய் திறக்கவே இல்லை. அவள் தன் மடியிலிருந்த கைப்பையைப் பிடித்துக்கொண்டு, சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று மனதுக்குள் சொன்னாள். புள்ளி திரையின் நடுப்பகுதிக்குக் கிட்ட வந்த பிறகுதான் “யெஸ்” என்றார்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற நோய் இது, வலியில்லாமல் வருடக்கணக்காக வளர்ந்து கண்ணின் பின்னாலிருக்கிற நரம்பைச் சாகடிக்கும் என்று வைத்தியர் விளக்கினார். இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. வலது கண்ணிலும் தொடங்கிவிட்டது. போனது திரும்பாது.

“நான் படம் கீறுகிறவன்,” என்றார் கேதீஸ்வரன்.

வைத்தியர் தலையாட்டினார். குடும்பத்தில் வேறு யாருக்காவது பார்வை போயிருக்கிறதா என்று கேட்டார்.

“என் தகப்பனுக்கு. ஐம்பத்து நாலு வயதில். ஆனால் அது பல்லால் வந்தது.”

வைத்தியர் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார். கேதீஸ்வரன் மரியாதையாக, ஒழுங்காக, தகப்பனின் நாலு பல்லையும் தன்னுடைய ஒரு பல்லையும் விளக்கினார். வைத்தியர் சிரிக்கவில்லை. உங்கள் தகப்பனுக்கும் இதே நோய்தான் இருந்திருக்கும், தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரக்கூடியது, பல்லைத் தொடாமல் விட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார். சிவனேஸ்வரிக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. ஒரு நிமிடம்தான் இருந்தது.

“முதலில் எப்போது கவனித்தீர்கள்?”

“மூன்று கிழமை இருக்கும்.”

வைத்தியர் முன்னாலிருந்த தாளைப் பார்த்தார். மூன்று கிழமையில் இவ்வளவு போகாது என்றார். அரை வருடம் முந்தி வந்திருந்தால் சொட்டு மருந்து போட்டு இடது கண்ணில் எவ்வளவோ மிச்சம் பிடித்திருக்கலாம். இனி வலதைக் காப்பாற்றப் பார்ப்போம்.

திரும்பி வரும் ரெயிலில் பெட்டி அரைவாசி காலி. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். ஓக்லி நிலையம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

“எப்பயிருந்து?”

“டொக்டருக்குச் சொன்னன்தானே.”

“எனக்குச் சொல்லுங்கோ.”

“ஒக்டோபர்.”

அவள் விரல்விட்டு எண்ணினாள். எண்ணி முடித்ததும் கையை மடியில் வைத்தாள்.

“ஏன் சொல்லேல்லை?”

“சொல்லி என்ன செய்யிறது? பல்லைத் திருப்பி வைக்கேலுமோ?”

“ஒரு கண் டொக்டரிட்டைக் காட்டியிருக்கலாம்தானே! கண்ணுக்கு வருத்தமெண்டால் கண்ணைக் காட்டுறதுதானே!”

“பல்லாலை போனதுக்குக் கண் டொக்டர் என்ன செய்வான் எண்டு நினைச்சன்.” யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். “மற்றது, நீர்தானே நாள் வைச்சனீர். சொன்னால் அழுவீர்.”

அவள் அழவில்லை. கிளேட்டன் வந்தபோது அவருடைய இடப்பக்கம் மாறி நின்று கையைப் பிடித்து இறக்கினாள். அவர் உதறவில்லை.

நாளுக்கு நாலு தரம் சொட்டு மருந்து. போட்டதும் கண்மணி சுருங்கி, நடுப்பகல்கூட மழை இருட்டுப் போல ஆகும். புருவத்துக்கு மேலே குத்தும். 1977 தொடக்கத்தில் வலது கண்ணில் சத்திரசிகிச்சை செய்தார்கள். போகிற வேகம் குறைந்தது, நிற்கவில்லை. அதே வருடம் ஒரு குழாய்ப் படத்தில் இடப்பக்கம் இருக்கவேண்டிய மூன்று வால்வுகளை அவர் போடாமல் விட்டதை டொனலி கண்டுபிடித்தார். மேலிடத்துக்கு எழுதாமல் தானே அவற்றைக் கீறிச் சேர்த்துவிட்டார். இரண்டாவது தரமும் நடந்தது. பிறகு கேதீஸ்வரனைப் பழைய படங்களை அடுக்கி வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஒரு வருடம் அங்கே இருந்தார். படத்தின் இலக்கத்தை வாசிப்பதும் கஷ்டமானபோது, நாற்பத்தேழு வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். சிவனேஸ்வரி கார் ஓட்டப் பழகினாள். சலவைப் பகுதியில் சனிக்கிழமையும் வேலை கேட்டு வாங்கினாள்.

அந்த நாட்களில்தான் பல்லுக் கதை மறுபடி வந்தது. ஒரு பிறந்தநாள் வீட்டில் யாரோ கண்ணைப் பற்றி விசாரிக்க, “மேல்பல்லுக் கழட்டினனான். அதோடை போச்சு,” என்றார் கேதீஸ்வரன். பக்கத்தில் நின்ற சிவனேஸ்வரிக்குச் சுருக்கென்றது.

“பல்லாலை இல்லை. கண்ணிலை பிரஷர். டொக்டர் வடிவாச் சொன்னவர்,” என்றாள்.

“அப்ப ஏன் அண்ணை வெள்ளனக் காட்டேல்லை? பிரஷரெண்டால் இப்ப மருந்து இருக்கெல்லோ?” என்று அந்த மனிதர் கேட்டார். கெட்ட நோக்கமில்லாத கேள்விதான். கேதீஸ்வரன் கேக் தட்டை மடியில் வைத்து, கேக்கை விரலால் பிட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் அவர் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு வேறு கதைக்குப் போனார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவளோடு கோபித்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் “ஓம்” என்றார். முகம் மட்டும் சுவரைப் பார்த்திருந்தது.

பல்லால் போனதென்றால் அது அவர் தலைவிதி; நாள் குறித்தவள் ஒருத்தி இருக்கிறாள். பிரஷரால் போனதென்றால், ஏழு மாதம் பொத்திப் பொத்திப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது அவரே. இதை அவள் சோறு குழைத்துக்கொண்டிருந்த ஒரு நேரத்தில் விளங்கிக்கொண்டாள். அதன் பிறகு யார் வீட்டிலும் அவரைத் திருத்தவில்லை.

1979இல் அவர்கள் வீட்டுக்கு ஒழுங்காக வருகிற ஒரே ஆள் ஆனந்தராஜா. ஸ்பிரிங்வேலில் இருக்கிற கணக்கு வாத்தியார், முப்பத்தைந்து வயது. ஞாயிறு மூன்று மணிக்கு வந்து, கப்பலில் பிந்தி வருகிற இலங்கைப் பத்திரிகைகளைக் கேதீஸ்வரனுக்கு வாசித்துக் காட்டுவார். மரண அறிவித்தல்வரை ஒன்றும் விடமாட்டார். அந்த இரண்டு மணித்தியாலமும் கேதீஸ்வரன் சத்தமாகக் கதைப்பார், அரசாங்கத்தைத் திட்டுவார், சிரிப்பார். மற்ற ஆறு நாளும் அந்தச் சத்தம் வீட்டில் இல்லை.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு ஆனந்தராஜா வீங்கிய கன்னத்தோடு வந்தார்.

“அண்ணை, இண்டைக்கு வாசிக்கேலாது. வாய் திறக்கேலாமல் கிடக்கு. ஞானப்பல்லாம். கழட்டச் சொல்லுறாங்கள்.”

“மேலையோ கீழையோ?”

“மேலை. வலப்பக்கம்.”

கேதீஸ்வரன் கதிரையில் நிமிர்ந்தார். “தொடவிடாதையும். நான் சொல்லுறன், கேளும்.”

குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த சிவனேஸ்வரிக்கு எல்லாம் கேட்டது. தகப்பனின் நாலு பல், இறைச்சிக் கடைப் பலகை, ஆறு கிழமை. வரிசை பிசகாமல் சொன்னார்.

“ஆர் அண்ணை உங்களைக் கழட்டச் சொன்னது?”

சிவனேஸ்வரி சீனி கலக்குவதை நிறுத்தினாள்.

“எல்லாருந்தான்,” என்றார் கேதீஸ்வரன்.

அவள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து கோப்பையை அவருடைய வலது கைக்குள் வைத்தாள். ஆனந்தராஜா அவளை அண்ணாந்து பார்த்தார்.

“மெய்யே அக்கா?”

“ஓம் தம்பி. அவர் சொல்லுறதுதான்.”

ஆனந்தராஜா போகும்போது அவள் கேற்றடிவரை கூட வந்தாள். வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

“நாளைக்கே போய்க் கழட்டுங்கோ.”

“என்னக்கா, இப்பத்தானே உள்ளுக்கை...”

“உள்ளுக்கை சொன்னது உள்ளுக்கை. பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. அவருக்கு வந்தது பிரஷர். உங்கடை வீட்டிலை ஆருக்கேன் கண் தெரியாமல் போனதோ?”

“ஒருத்தருக்கும் இல்லை.”

“அப்ப பயமில்லை. வைச்சுக்கொண்டு இழுபடாதேங்கோ, சீழ் வைச்சிடும்.” அவள் கேற்றின் கொளுக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “கழட்டினாப் பிறகு கொஞ்ச நாளைக்கு இஞ்சாலை வராதேங்கோ. உங்கடை குரலிலையே கண்டுபிடிச்சிடுவார். கேட்டால் உங்களுக்குப் பொய் சொல்ல வராது.”

“எவ்வளவு நாளைக்கு அக்கா?”

“நான் சொல்லுவன்.”

ஆனந்தராஜா ஏதோ கேட்க வாயெடுத்து, வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காருக்குப் போனார்.

அவள் உள்ளே வந்தபோது கேதீஸ்வரன் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

“என்னவாம்?”

“கழட்டமாட்டாராம்.”

“நல்லது.” கோப்பையைத் தடவி மேசையில் வைத்தார். “ஒரு மனிசனையெண்டாலும் காப்பாத்திப்போட்டம்.”

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

அடுத்த ஞாயிறு அவர் மத்தியானமே சவரம் செய்து, சட்டை மாற்றி, பத்திரிகைக் கட்டை மேசையில் எடுத்து வைத்துவிட்டு இருந்தார். மூன்று மணியானது. நாலானது. வெளியே கார் போகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கினார். ஐந்து மணிக்குச் சொட்டு மருந்துப் போத்தலோடு சிவனேஸ்வரி வந்தாள்.

“ஆனந்தராஜா வரேல்லையே?”

“அண்ணாருங்கோ,” என்றாள் அவள். அவர் தலையைப் பின்னால் சாய்த்தார். அவள் இமையை விரித்துச் சொட்டு விட்டாள்.

“பல்லுநோ கூடிப்போச்சுப் போலை,” என்றாள்.